டாக்டர் படிப்புக்கு முன் ஒரு மாஸ்டர்ஸ்: கட்டுரையில் எதை எழுதுவது, எதை விடுவது?

வாசகர் கேள்விகளும் எங்கள் கல்விக் குழுவின் பதில்களும்

அமெரிக்காவில் எம்.டி. (அங்கே அதுதான் நம் எம்.பி.பி.எஸ். போன்ற முதல் மருத்துவப் பட்டம்) சேர மதிப்பெண் போதாதவர்கள் இடையில் ஓராண்டோ இரண்டாண்டோ படிக்கும் 'ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் புரோகிராம்' பற்றி, சுருக்கமாகச் சொன்னால் எஸ்.எம்.பி. பற்றி, இந்த முறை கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது அதற்கு எழுத வேண்டிய 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' கட்டுரையைத்தான். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கள் மகள் நியூஜெர்சியில் பயாலஜி பட்டம் முடித்திருக்கிறாள். ஜி.பி.ஏ., அதாவது நாலுக்குக் கணக்கிடும் மார்க் சராசரி, 3.1. மருத்துவக் கல்லூரிகள் எதுவும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை. இப்போது எஸ்.எம்.பி.க்கு விண்ணப்பிக்கிறாள். போன வருடம் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸில் போட்ட அதே கட்டுரையை அனுப்பினால் போதும் என்கிறாள். போதுமா?
– ஒரு தந்தை, லாஸ்பேட்டை

போதாது. அந்தக் கட்டுரை 'நான் ஏன் டாக்டராக வேண்டும்' என்ற கேள்விக்கு எழுதப்பட்டது. மாஸ்டர்ஸ் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பாதிப் பதில்தான். உங்கள் மகளின் மார்க் பட்டியல் அவர் முன்னால் இருக்கிறது. போன முறை ஏன் குறைந்தது, இங்கே வந்தால் ஏன் குறையாது என்பதைத்தான் அவர் தேடுவார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எஸ்.எம்.பி. மாணவர்கள் முதலாண்டு மருத்துவப் பாடங்களையே படிக்கிறார்கள்; மருத்துவ மாணவர்களோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகிறார்கள். அதில் தடுமாறினால் எம்.டி. வாய்ப்பு முன்பு இருந்ததைவிடவும் சுருங்கிவிடும். 'மருத்துவப் பாடத்தையே கொடுத்துப் பார்த்தோம், முடியவில்லை' என்று ஒரு பல்கலைக்கழகமே எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது. ஆகவே 'இவரால் தாங்க முடியுமா' என்ற கவலை அந்தக் குழுவுக்கு உண்மையிலேயே உண்டு.

வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: எஸ்.எம்.பி.யில் வாங்கும் மார்க் பழைய 3.1ஐ ஏற்றிவிடாது. ஆம்காஸ் இளநிலை ஜி.பி.ஏ.வையும் முதுநிலை ஜி.பி.ஏ.வையும் தனித்தனி வரிசையில் காட்டுகிறது. இளநிலை எண் ஏறவேண்டும் என்றால் போஸ்ட்-பாக் எனப்படும் இளநிலை மட்டப் பாடங்களைத்தான் கூடுதலாகப் படிக்க வேண்டும். 2.6, 2.7இல் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுவே சரியான வழி. 3.1இல் இருக்கும் உங்கள் மகளுக்கு எஸ்.எம்.பி. பொருந்தும். ஆனால் இந்த வேறுபாடு தனக்குத் தெரியும் என்பது கட்டுரையில் தெரிய வேண்டும். 'என் ஜி.பி.ஏ.வை உயர்த்திக்கொள்ள உங்கள் மாஸ்டர்ஸில் சேர விரும்புகிறேன்' என்று எழுதுகிறவர், தான் எதில் சேரப் போகிறோம் என்பதையே படித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

அளவுக்கு வருவோம். ஆம்காஸ் கட்டுரைக்கு 5,300 எழுத்து இடம், இடைவெளிகளையும் சேர்த்து. எஸ்.எம்.பி.க்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும்: ஒன்று ஒரு பக்கம் என்னும், இன்னொன்று இரண்டு பக்கம் என்னும், மூன்றாவது எழுத்துக் கணக்கு வைக்கும். உதாரணத்துக்கு 5,000 எழுத்து என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்துக்கு 400, மருத்துவமனை அனுபவமும் அதிலிருந்து வந்த காரணமும் 1,500, மார்க் ஏன் குறைந்தது என்பதற்கு 700, பிறகு என்ன மாறியது, அதற்கு ஆதாரம் என்ன என்பதற்கு 1,000, ஏன் இந்தக் குறிப்பிட்ட படிப்பு என்பதற்கு 1,000, படிப்பு முடிந்ததும் எப்போது எம்.டி.க்கு விண்ணப்பிப்பார் என்பதற்கு 400. பழைய கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ள முடிவது அந்த 1,500 மட்டும்தான், அதையும் வெட்டிச் சுருக்கித்தான்.

மார்க் பகுதியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒன்று, அதைத் தொடவே மாட்டார்கள்; இல்லையென்றால் ஒன்றரைப் பக்கத்துக்கு அழுவார்கள். ஆறேழு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அதில் தன் தவறு எது, எதை மாற்றினார், மாற்றியதற்குச் சான்று எது. ஆங்கிலத்தில் எழுத வேண்டியதுதான். பொருள் விளங்கத் தமிழில் ஒரு மாதிரி:

"மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் வாரம் 25 மணி நேரம் வேலை பார்த்தேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி பிளஸ் வந்தது. நேரம் மட்டும் காரணமில்லை. வினைகளை மனப்பாடம் செய்தேனே தவிர, கணக்குகளைப் போட்டுப் பார்க்கவில்லை. ஐந்தாம் செமஸ்டரில் வேலையை 10 மணி நேரமாகக் குறைத்தேன். வாரம் ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதினேன். அதன்பின் பயோகெமிஸ்ட்ரியில் ஏ மைனஸ், பிசியாலஜியில் ஏ."

இதில் 'நேரம் மட்டும் காரணமில்லை' என்ற வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், மீதி எல்லாம் சாக்காகத் தெரியும். கடைசி வரியை எடுத்தால் வெறும் வாக்குறுதியாகிவிடும்.

'ஏன் இந்தப் படிப்பு' என்ற பகுதியை ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் புதிதாகவே எழுத வேண்டும். அந்தப் படிப்பில் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பா, தனி வகுப்பா. ஆராய்ச்சிக் கட்டுரை கட்டாயமா. குறிப்பிட்ட மார்க் வாங்கினால் தங்கள் மருத்துவக் கல்லூரியில் இன்டர்வியூ உறுதி என்று சொல்கிறார்களா, அப்படியானால் நிபந்தனை என்ன – இவற்றில் தனக்கு எது ஏன் தேவை என்று எழுதட்டும். 'உலகப் புகழ்பெற்ற உங்கள் நிறுவனம்' என்று தொடங்கும் வாக்கியங்களை அவர்கள் கண்ணை ஓட்டியே தாண்டிவிடுவார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதில் இன்னொன்றின் பெயர் தங்கிவிடுவது எல்லாவற்றையும்விட மோசம். அனுப்புவதற்கு முன் கோப்பில் மற்ற பல்கலைக்கழகப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலூரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். இரண்டாம் ஆண்டில் நாலு அரியர், எல்லாம் கிளியர் பண்ணியாச்சு. நீட் எழுதாமல் எஸ்.எம்.பி. வழியாக அமெரிக்கா போய் எம்.டி. படிக்க முடியுமா? அரியரைக் கட்டுரையில் சொல்லணுமா?
– மாணவர், மஞ்சக்குப்பம்

முதல் கேள்விக்கு நேராகச் சொல்லிவிடுகிறோம், தம்பி: இந்த வழி உங்களுக்கு மிகக் குறுகலானது, செலவும் கடுமை. வெளிநாட்டுக் கல்லூரி மார்க் பட்டியலை ஆம்காஸ் ஏற்பதில்லை. அந்த மார்க் அதன் ஜி.பி.ஏ. கணக்கிலும் சேராது. எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ கனடாவிலோ கணிசமான இளநிலைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்கின்றன, பல இடங்களில் பட்டமே அங்கு வாங்கியிருக்க வேண்டும். ஓராண்டு எஸ்.எம்.பி. அந்தக் குறையை நிரப்பாது. மாணவர் விசாவில் இருப்பவர்களை எடுத்துக்கொள்ளும் மருத்துவக் கல்லூரிகளும் குறைவு. எடுத்துக்கொள்ளும் சில கல்லூரிகள் ஓராண்டு முதல் நான்காண்டு வரையான கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிவைக்கச் சொல்கின்றன. எஸ்.எம்.பி.யின் ஓராண்டுக் கட்டணமே பல இடங்களில் 40,000 டாலரைத் தாண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி.யை அவர்களுடைய நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்காத பல்கலைக்கழகங்களும் உண்டு.

பி.எஸ்சி. முடித்தவர் நீட் எழுதத் தடையில்லை, மேல் வயது வரம்பும் இல்லை. 2020 முதல் ஜிப்மர் எம்.பி.பி.எஸ். இடங்களும் நீட் வழியாகத்தான் நிரம்புகின்றன. வீட்டை அடகு வைக்கும் முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 'எஸ்.எம்.பி. சேர்ந்தால் எம்.டி. உறுதி' என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன், அல்லது பொதுச் சுகாதாரம், பயோமெடிக்கல் மாஸ்டர்ஸுக்காகக் கேட்கிறேன் என்றால் இரண்டாம் கேள்விக்கு வருகிறோம். அரியரை மறைக்க முடியாது. மார்க் பட்டியலில் ஒரே பாடம் இரண்டு தேதிகளில் வந்திருக்கும், நம் மார்க்கை அமெரிக்க முறைக்கு மாற்றித் தரும் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையிலும் அது ஏறும். கட்டுரை அதைப் பற்றி வாயே திறக்காவிட்டால், படிப்பவர் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார்.

அதே சமயம் 'அரியர்' என்ற சொல்லை அப்படியே போட்டால் அமெரிக்கர்களுக்குப் புரியாது. அவர்கள் ஊரில் அது பணப் பாக்கி. 'இறுதித் தேர்வில் நான்கு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. அடுத்த தேர்வில் மீண்டும் எழுதித் தேர்ச்சி பெற்றேன்' என்று விரித்து எழுதுங்கள். நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பகுதி மதிப்பெண் ஒரே எழுத்துத் தேர்வில் நிற்கிறது என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவர்கள் ஊரில் வாராவாரம் வினாடி வினா, ஆய்வகம், இடைத்தேர்வு என்று மார்க் பிரிந்து கிடக்கும். நம் முறை அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரிக்கு மேல் போய்த் தேர்வு முறையைக் குறை சொல்லத் தொடங்கினால் பழியைத் தட்டிவிடுவதாகத் தெரியும். நான்கு அரியரும் ஒரே செமஸ்டரா, பரவலா என்பதும் முக்கியம். ஒரே செமஸ்டர் என்றால் அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று சொன்னால் போதும். பரவியிருந்தால், கடைசி இரண்டு செமஸ்டர்களின் மார்க்கை எண்ணோடு எழுதுங்கள். எந்தப் பாடத்தில் விழுந்தீர்களோ அதன் தொடர்ச்சியான மேல் பாடத்தில் நல்ல மார்க் இருந்தால் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். இம்யூனாலஜியில் விழுந்தவர் மெடிக்கல் மைக்ரோபயாலஜியில் 80 வாங்கியிருந்தால் அந்த ஒரு வரி பத்து வரி விளக்கத்துக்குச் சமம்.

மாமா கிளினிக்கில் இரண்டு ஆண்டு உதவியாக இருந்தேன். ஊசி போடுவேன், சலைன் ஏற்றுவேன், சின்னச் சின்னக் காயத்துக்குத் தையலும் போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல அனுபவம் இருக்க முடியுமா? கட்டுரை இதில்தான் தொடங்குகிறது.
– மாணவி, அரியாங்குப்பம்

இதில் தொடங்காதீர்கள். இதை எழுதவே வேண்டாம் என்றுதான் சொல்வோம். நம் ஊரில் 'பொண்ணு கெட்டிக்காரி' என்று பேர் வாங்கித் தருவது, அங்கே படிப்பவருக்கு 'பயிற்சியில்லாமல் நோயாளியின் உடம்பில் கை வைத்தவர்' என்று தெரியும். வெளிநாட்டு மருத்துவமனை அனுபவங்களுக்கென்றே அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. பயிற்சியும் உரிமமும் இல்லாத மாணவர் சிகிச்சைச் செயல்களில் இறங்கக் கூடாது, இறங்கினால் சேர்க்கையே பாதிக்கப்படலாம் என்பதுதான் அதன் சாரம். இங்கேயும் அது சட்டப்படி சரியானதல்ல. கட்டுரையில் எழுதினால் மாமாவையும் சேர்த்து மாட்டிவிடுகிறீர்கள்.

அதற்காக இரண்டு ஆண்டும் வீண் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது நிறைய இருக்குமே! சர்க்கரை மாத்திரையை ஒருவர் ஏன் பாதியில் நிறுத்தினார், ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாதவருக்கு டாக்டர் எப்படிச் சொல்லிப் புரியவைத்தார், ஜிப்மருக்கு அனுப்ப வேண்டும் என்று எந்த நோயாளியைப் பார்த்து முடிவு செய்தார், ஏன் – இவையெல்லாம் கவனித்து எழுதக்கூடியவை. டோக்கன் கொடுத்தது, பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கியது, முதியவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது எல்லாமே நாணயமான வேலைகள்தான். கை வைத்த கதையைவிட, கை வைக்காமல் நின்று கவனித்த கதைதான் அங்கே எடுபடும்.

இனிமேல் செய்வதை முறையாகச் செய்யுங்கள். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, மருத்துவரோடு இருந்து பார்ப்பதற்கு நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வலி நிவாரண சேவை ஆகியவற்றில் தன்னார்வலர்களுக்கு வேலை உண்டு. தேதி, மணி நேரம், பொறுப்பாளர் யார் என்று ஒரு நோட்டில் அன்றன்றே குறித்து வையுங்கள். ஆம்காஸில் செயல்பாடுகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது: 15 வரை பதியலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து, அவற்றில் மிக முக்கியமான மூன்றுக்கு மேலும் 1,325 எழுத்து. மணி நேரக் கணக்கும் தொடர்பு விவரமும் அங்கேதான் போகும். கட்டுரையில் அதே பட்டியலைத் திரும்ப அடுக்கினால் இடம்தான் வீண்.

நோயாளியின் பெயர் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர், தொழில், அபூர்வமான நோய் மூன்றையும் சேர்த்து எழுதினாலே ஆள் தெரிந்துவிடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 'ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மீனவர்' போதும். எந்தக் குப்பம் என்று சொல்ல வேண்டாம்.

என் கட்டுரை பாட்டி இறந்ததில் தொடங்குகிறது. எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று அண்ணன் கிண்டல் செய்கிறான். மாற்ற வேண்டுமா?
– மாணவி, நெய்வேலி

பாட்டி இருக்கட்டும். 'அன்று முடிவெடுத்தேன், டாக்டராவது என்று' என்ற வரியைத் தூக்குங்கள். துக்கம் யாருக்கும் வரும். அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் உங்களுக்கே உரியது. அது கட்டுரையின் பத்தாவது வரிக்குள் வந்துவிட வேண்டும். சுனாமியில் தொடங்கும் கட்டுரைகள் நம் கடற்கரையில் இன்னொரு ரகம். 2003இல் பிறந்தவர், 2004 டிசம்பர் 26 அன்று மருத்துவத்துக்கு உறுதி பூண்டதாக எழுதினால், பிறந்த தேதி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது!

நல்ல தொடக்கம் என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் காட்டிவிடுகிறோம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"கடலூர் மாவட்டத்தின் ஏழை மக்களுக்குச் சேவை செய்தபோது அவர்கள் துயரம் கண்டு என் உள்ளம் உருகியது. அவர்கள் கண்ணீரைத் துடைப்பதே என் வாழ்வின் லட்சியம்."

கடலூரை எடுத்துவிட்டு எந்த ஊரையும் போடலாம், எழுதியவரையும் மாற்றிக்கொள்ளலாம். அதே அனுபவத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"பதிவு மேசையில் அந்த அம்மாவின் விரலைக் கருவி ஏற்கவில்லை. மூன்று விரல்களை மாற்றி வைத்தோம். முந்திரி உடைப்பவர், ஓட்டு எண்ணெய் பட்டு ரேகை தேய்ந்திருந்தது. கையுறை போடலாமே என்றேன். 'கிலோவுக்குத்தான் கூலி, கையுறை போட்டால் வேகம் வராது' என்றார். கொப்புளத்துக்கு மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமும் அதே கையோடு வந்தார்."

உருகியது, நெகிழ்ந்தது என்று எதுவுமே இதில் இல்லை, கவனித்தீர்களா? எழுதியவர் கேள்வி கேட்கிறவர் என்பதும், மருந்துச் சீட்டு எங்கே போதாமல் போகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் என்பதும் தானே தெரிகிறது. அடுத்த பத்தியில், முந்திரி ஓட்டு எண்ணெய் ஏன் தோலைச் சுடுகிறது என்று தேடிப் படித்ததைச் சொன்னால் படிப்பில் ஆர்வமும் சேர்ந்துகொள்ளும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி என்றால் நமக்குத் தெரியும். அமெரிக்கருக்கு முந்திரி டப்பாவில் வருவது. அதன் ஓட்டில் அரிக்கும் எண்ணெய் இருப்பதை அரை வரியில் விளக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம், மக்களைத் தேடி மருத்துவம் போன்றவற்றுக்கும் அதே அரை வரி வேண்டும். உங்கள் அனுபவம் என்ன என்பது உங்களுக்குத்தான் தெரியும். தயவுசெய்து இந்த முந்திரியை நகல் எடுக்காதீர்கள்.

கன்சல்டன்சி ஒன்றில் கட்டுரையை அவர்களே எழுதித் தருவதாக 25,000 ரூபாய் கேட்கிறார்கள். ஏ.ஐ.யில் இலவசமாகவே வருகிறதே என்கிறான் மகன். எது பரவாயில்லை?
– ஒரு தாய், பண்ருட்டி

இரண்டும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய கட்டுரை இன்டர்வியூவில் உதைக்கும். 'மூன்றாம் பத்தியில் சொன்ன நோயாளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்' என்று கேட்டால் பையன் விழிப்பான். ஏ.ஐ.யை யோசனை கேட்கவும் பிழை பார்க்கவும் பயன்படுத்தலாம், இறுதி வடிவம் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும் என்பது ஆம்காஸின் நிலை. எஸ்.எம்.பி.க்களில் இதைவிடக் கடுமையாகத் தடை செய்யும் இடங்களும் உண்டு, விதியைப் படியுங்கள். இலக்கணப் பிழை பார்க்க ஆங்கில ஆசிரியர் ஒருவர் போதும். அவரிடம் 'அழகுபடுத்தாதீர்கள், தப்பை மட்டும் திருத்துங்கள் சார்' என்று முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் தெர்மினல் எனப்படும் கடைசி வகுப்பு படிக்கிறேன். பிரான்ஸில் மருத்துவம் படிக்க, அங்குள்ள உயர்கல்வி விண்ணப்பத் தளமான பார்கூர்சுப்பில் எழுத வேண்டிய கடிதத்துக்கும் இதே யோசனைகள் பொருந்துமா?
– மாணவர், புதுச்சேரி

சில பொருந்தும், அளவு பொருந்தாது. அங்கே இடைவெளியோடு 1,500 எழுத்துதான். கதை சொல்ல இடமே இல்லை, பாட்டியும் வேண்டாம் முந்திரியும் வேண்டாம். 2020 முதல் மருத்துவத்துக்கு 'பாஸ்' என்றும் 'எல்.ஏ.எஸ்.' என்றும் இரண்டு வழிகள். முதலாவதில் சுகாதாரப் பாடங்கள் பிரதானம், கூடவே வேறொரு துறை துணைப்பாடம். இரண்டாவதில் வேறொரு துறை பிரதானம், சுகாதாரம் துணை. இரண்டுக்கும் ஒரே கடிதத்தை வெட்டி ஒட்டினால் உடனே தெரிந்துவிடும். துணைப்பாடமாகச் சட்டமோ வேதியியலோ எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்பதற்கு 400 எழுத்தாவது ஒதுக்குங்கள். 'பாஸ்' ஆண்டை இரண்டாம் முறை படிக்க முடியாது. அதனால் மருத்துவம் கிடைக்காவிட்டால் அந்தத் துணைப்பாடத்தில் தொடர்வீர்களா என்ற கேள்வி படிப்பவர் மனதில் இருக்கும். மிச்சத்தில் ஸ்பெசியாலிதே என்று நீங்கள் தேர்ந்தெடுத்த சிறப்புப் பாடங்கள், படிக்கும் முறை, பிரான்ஸ் போய்த் தனியே சமாளிக்கும் தயாரிப்பு.

பிரிட்டனுக்கு?
– மாணவி, விருத்தாசலம்

2026 சேர்க்கையிலிருந்து அங்குள்ள பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் ஒரே நீளக் கட்டுரையை விட்டுவிட்டது. மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி எப்படித் தயார் செய்தது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்த்து 4,000 எழுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. ஒரே பதில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் போவதால், எஸ்.எம்.பி.க்குச் சொன்னதற்கு நேர் எதிராக, இங்கே எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதக் கூடாது. மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. மற்ற படிப்புகளைப் போல ஜனவரி வரை இல்லை.

எச்.ஓ.டி. 'நீயே லெட்டர் எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார். அப்படியே எழுதிக் கொடுக்கலாமா? எல்லாவற்றையும் எப்போது ஆரம்பிக்க வேண்டும்?
– மாணவர், முத்தியால்பேட்டை

எழுதிக் கொடுக்காதீர்கள். பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியரே தன் மின்னஞ்சலில் வரும் இணைப்பு வழியாக ஏற்ற வேண்டும். அதைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் விண்ணப்பத்தில் டிக் செய்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நீங்களே எழுதியிருந்தால் அது பொய். மாட்டுவதும் எளிது: கட்டுரையிலும் கடிதத்திலும் ஒரே சொற்கள், ஒரே ஆங்கிலப் பிழைகள், மூன்று ஆசிரியர்களுக்கும் ஒரே நடை. சாருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். அதற்கு மரியாதையான வழி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவரிடம் படித்த பாடங்கள், வாங்கிய மார்க், செய்த புராஜெக்ட், ஆய்வகத்தில் நடந்த ஏதாவது ஒன்று, சேரப்போகும் படிப்பின் விவரம், கடைசி நாள். அதைப் பார்த்து அவரே எழுதட்டும். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சில இடங்களில் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

காலக் கணக்கு: எஸ்.எம்.பி. வகுப்புகள் பொதுவாக ஜூலை, ஆகஸ்டில் தொடங்கும். பலவற்றில் விண்ணப்பம் வர வர இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள். 'கடைசி நாள் ஜூன்' என்று போட்டிருந்தாலும் அதற்குள் பெரும்பாலான இடம் போயிருக்கும். முந்தைய ஆண்டு அக்டோபரில் முதல் வரைவு, டிசம்பரில் ஆசிரியர்களிடம் குறிப்பு, ஜனவரி வாக்கில் அனுப்பிவிடுவது நல்லது. ஆம்காஸ் மே தொடக்கத்தில் திறந்து, மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிப்பை ஏற்கத் தொடங்கும். எஸ்.எம்.பி. படிக்கும்போதே எம்.டி.க்கு விண்ணப்பித்தால், அனுப்பும் நாளில் உங்கள் கையில் மாஸ்டர்ஸ் மார்க் எதுவும் இருக்காது. முதல் செமஸ்டர் மார்க்கைப் பிறகுதான் அனுப்ப முடியும். முடித்த பிறகு விண்ணப்பித்தால் முழு மார்க்கும் இருக்கும், ஆனால் ஓராண்டு இடைவெளி விழும். பழைய மார்க் ரொம்பக் குறைவு என்றால் இரண்டாவதுதான் நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

வரைவு முடிந்ததும் ஒருநாள் தள்ளிவைத்து, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக்குங்கள். இறுதியாக, வேர்டிலிருந்து நேராக நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஆம்காஸ் பெட்டியில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து எதுவும் நிற்காது. வளைந்த மேற்கோள் குறியும் நீளக் கோடும் சில சமயம் கேள்விக்குறியாக மாறிவிடும். நோட்பேட் போன்ற வெற்று எழுத்துக் கோப்பில் ஒட்டி, மேற்கோள் குறிகளை மறுபடி தட்டி, அங்கிருந்து பெட்டிக்குக் கொண்டுபோங்கள். பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி விடுங்கள். அந்த வெற்று வரியும் எழுத்துக் கணக்கில் சேரும் என்பதால் எல்லைக்கு 50 எழுத்து முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி. கோப்பாக ஏற்றச் சொன்னால் பி.டி.எஃப்.பாக ஏற்றி, கோப்பின் பெயரில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபைனல் 3 புதுசு' என்று போய்ச் சேர்ந்தால் அதுவும் அவர்கள் கண்ணில் படும்.